உடையவன் அளவு

வெண்சங்குத்துறையில் நிலம் விற்ற விலையை உள்ளபடி சொன்னால் கேட்கிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதனால் கொஞ்சம் குறைத்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் துறைமுகப் பட்டினத்தில் தெருவில் தடுக்கி விழுந்தவன், யாருடைய நிலத்தில் விழுந்தோம் என்று பார்த்துவிட்டுத்தான் வலிக்கிறது என்பான். சந்தையடி வேப்பமரத்து நிழலைக் காலையில் ஒருவருக்கும் மாலையில் ஒருவருக்குமாகக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். செத்தவருக்குக் குழி வெட்ட இடம் கேட்டுப் போனால், எத்தனை நாளைக்கு என்று கேட்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் கப்பல் மூட்டை சுமக்கிறவர்கள் எங்கே குடியிருக்க முடியும்? கரையில் கவிழ்த்துப் போட்ட பழைய தோணிகளுக்கு அடியில் குடியிருந்தார்கள். ஒரு தோணிக்கு ஒரு குடும்பம், கொஞ்சம் அகலமான தோணியென்றால் இரண்டு. கடலில் ஒழுகின என்றுதான் அந்தத் தோணிகளைக் கரையில் கவிழ்த்தார்கள். கவிழ்த்த பிறகும் அவை ஒழுகின.

அந்தக் கரையும் ஒரு நாள் வேண்டியதாகிவிட்டது. அங்கே புதிதாகப் படகுத்துறை கட்டப் போவதாக வணிக சபை முடிவு செய்தது. தோணிகளை உடைத்து விறகாக்குவது, சுமை தூக்கிகளுக்கு மீன் காயவைக்கும் களத்துக்குப் பின்னாலிருந்த ஒரு துண்டு நிலத்தைக் கொடுப்பது என்று பேச்சு. இதில் மூன்று நிபந்தனைகள். எல்லாக் குடும்பமும் அந்தத் துண்டுக்குள்ளேயே அடங்க வேண்டும். ஒரு மூட்டை சுமந்த கூலிக்கு மேல் ஒரு நாள் வாடகை போகக் கூடாது. ஐப்பசி அமாவாசைக்குள் வீடுகளின் வரைபடம் சபைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்த நிலத்தில் மிளகுக் கிடங்கு எழும்பும். சுமை தூக்கிகள் கழிமுகத்தைத் தாண்டி, அரை நாள் நடை தூரத்துச் சேற்றுக்காட்டில் போய் இருந்துகொள்ள வேண்டியதுதான்.

வரைபடம் போட முன்வந்தவர் பெருந்தச்சர் திருமேனி. ஊரில் நிமிர்ந்து பார்க்க வைத்த மாளிகை எதுவானாலும் அது அவர் கட்டியதாக இருக்கும். அறுபதைத் தாண்டியவர், நல்ல உயரம், குரலும் அதற்கேற்றபடி. கூலி வேண்டாம் என்றார். ஊர் அதை நம்பவில்லை. திருமேனி சும்மா செங்கல் எடுக்கிறார் என்றால் அந்த மண்ணுக்கடியில் புதையல் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். புதையல் ஒன்றுமில்லை. பணக்காரர்களுக்கே கட்டிக் கட்டி, தான் போன பிறகு வேறு யாராவது தன் பெயரைச் சொல்வார்களா என்று அவருக்கு ஓர் ஏக்கம் வந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. அவருக்கு ஒரு குரு வாய்த்திருந்தாள்.

ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட உப்பளத்தில் ஒரு குடிசை போட்டு இருந்தவள் அவள். உப்பளத்து அம்மை என்பார்கள். அவருடைய கடைசி மகளைவிட இரண்டு வயது இளையவள். ஒரு வணிகருக்காக அந்த உப்பளத்தை அளக்கப் போனபோதுதான் திருமேனி அவளைப் பார்த்தார். நூல் பிடிக்க வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்றார். நகர்ந்தாள். அடுத்த மூலைக்கு நூலைக் கொண்டுபோனார். அங்கேயும் அவள் உட்கார்ந்திருந்தாள். நகரச் சொன்னார், நகர்ந்தாள். எந்தப் பக்கம் நூலை இழுத்தாலும் அந்தக் கோட்டில் அவள் இருந்தாள், சொன்னபோதெல்லாம் நகரவும் செய்தாள். பொழுது சாய்ந்தபோது திருமேனி நூலைச் சுருட்டி வைத்துவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரைப் பெரியவரே என்பாள்.

சபையில் ஒப்புக்கொண்ட மறுநாள் அவளிடம் போனார். அம்மை கிழிந்த சாக்கு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மூச்சு விடுவதற்கே வாடகை கேட்கிற ஊரில் மூட்டை தூக்குகிறவனுக்கு எப்படி வீடு கட்டுவது?"

"மற்றவர்களுக்கு எப்படிக் கட்டுவீர்கள்?"

திருமேனி விளக்கினார். அந்த ஊர்த் தச்சர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. உடையவன் அளவு என்பார்கள். வீட்டுக்கு உரியவரைத் தரையில் நிறுத்தி, இரண்டு கையையும் தலைக்கு மேல் உயர்த்தச் சொல்லி, உள்ளங்காலிலிருந்து விரல் நுனிவரை ஒரு கயிற்றில் அளவெடுப்பார்கள். அந்தக் கயிறுதான் அந்த வீட்டுக்கு அடிப்படை. கூடம் அதில் இத்தனை மடங்கு, அறை இத்தனை மடங்கு, கதவு இவ்வளவு என்று எல்லாக் கணக்கும் அதிலிருந்தே கிளம்பும். வேறொருவர் அளவில் கட்டிய வீட்டில் தூக்கம் வராது என்பது அவர்கள் நம்பிக்கை.

அம்மை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அப்படியே இவர்களுக்கும்," என்றாள்.

திருமேனி நேரே கயிறும் கையுமாகக் கரைக்குப் போனார். போகிற வழியிலேயே ஒரு சிக்கல் தோன்றியது. விடிந்தால் இவர்கள் கப்பலுக்குப் போய்விடுவார்கள். வேலையில் நிற்கிறவனை நிறுத்தி அளந்தால் அன்றைய கூலி போகும். மாலையில் அலுத்து வருகிறவனைக் கையைத் தூக்கி நில்லென்று சொல்ல மனசு வராது. ஆகவே விடியும் முன்பே போய், தோணி தோணியாகக் குனிந்து, தூங்குகிறவர்களைத் தூங்குகிறபடியே அளந்தார். யாருடைய தூக்கமும் கலையக் கூடாது என்று விரல் படாமல் கயிற்றைப் பிடித்தார். அதில் கள்ளம் எதுவுமில்லை. முழுக்க இரக்கம்தான்.

தோணிக்கடியில் யாரும் நீட்டிப் படுப்பதில்லை. முழங்கால் மோவாயைத் தொடும். தாய் வளைந்திருப்பாள், அவள் வளைவுக்குள் பிள்ளை, அதன் வளைவுக்குள் இன்னொரு பிள்ளை. பலாப்பழத்துக்குள் சுளை இருக்கிற மாதிரி.

ஓர் இடத்தில் மட்டும் ஒருவர் ஒரு கண்ணைத் திறந்தார். சுமை தூக்கிகளுக்குத் தலைவர் போலிருந்த இருளப்பன்.

"உசுரோடதான் இருக்கோம் தச்சரய்யா. குழிக்கு அளக்காதீங்க."

வீட்டுக்கு அளக்கிறேன் என்றார் திருமேனி.

"வீட்டுக்கா? அப்ப நல்லா அளங்க," என்று சொல்லிவிட்டு இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டார். காலை நீட்டவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்த திருமேனிக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. இவ்வளவு கொஞ்சம் இடம் போதுமென்றால் எல்லாக் குடும்பமும் அடங்கிவிடும். அடங்கியதோடு ஓரத்தில் நிலம் மிஞ்சவும் செய்தது. சந்தோஷம் தாங்காமல் படத்தைக் கொண்டுபோய் வணிக சபைத் தலைவர் ஆதிமூலத்திடம் காட்டினார். ஆதிமூலம் படத்தைவிட மிச்ச நிலத்தையே அதிக நேரம் பார்த்தார். உம்மைப் போல் கெட்டிக்காரர் இந்தக் கடற்கரையில் இல்லை என்றார். மறுநாள் காலையில் மிச்ச நிலத்தில் கிடங்குக்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் திருமேனி படத்தை அம்மையிடம் எடுத்துப்போனார்.

அவள் படத்தை வாங்கிக்கொள்ளவில்லை. படம் பார்க்கத் தெரியாது, தரையில் போட்டுக் காட்டுங்கள் என்றாள். உப்பளம் காய்ந்து வெறுமையாகக் கிடந்த காலம். திருமேனி முளை அடித்து, நூல் பிடித்து, ஒரு வீட்டை முழு அளவில் சுண்ணாம்புக் கோடாகப் போட்டார். கை கட்டி நின்றார்.

"படுங்கள்," என்றாள் அம்மை.

படுத்தார்.

"கால் பக்கத்து வீட்டில் இருக்கிறது, பெரியவரே."

காலை இழுத்துக்கொண்டார்.

"தலை தெருவில்."

தலையையும் இழுத்துக்கொண்டார். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. சுவர் என்று ஒன்றும் கிடையாது. சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்குச் சுண்ணாம்பு, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் திறந்த வெளி. ஆனாலும் அந்தக் கோட்டைத் தாண்டிக் காலை நீட்ட அவருக்கு உடம்பு வரவில்லை. அவரே போட்ட கோடு.

"கூப்பிடும்வரை எழுந்திருக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அம்மை போனாள்.

வெயில் ஏறியது. முதுகில் ஒரு வலி கிளம்பி இடுப்பில் தங்கி, பிறகு முழங்காலுக்கு இறங்கியது. ஓர் எறும்பு கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வந்து, அவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே இடமில்லை என்று கண்டதுபோல் திரும்பிப் போனது. உச்சி வெயிலில் அம்மை வந்து எழுந்திருக்கச் சொன்னபோது அவரால் முடியவில்லை. மடங்கிய கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. அவளே உட்கார்ந்து, எண்ணெய் தொட்டு, முழங்காலைத் தேய்த்துத் தேய்த்துப் பிரித்துவிட்டாள்.

"எனக்குக் காட்ட நினைத்தது இதைத்தானா, அம்மா?"

"இல்லை. உலை வைக்கப் போனேன். நீங்கள் இங்கே இருப்பதை மறந்துவிட்டேன்."

அது உண்மையா விளையாட்டா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் இல்லை. படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே ஊருக்குத் திரும்பினார்.

அடுத்த கப்பல் வராத நாளில் இருளப்பனையும் அவர் மனைவி மூக்காயியையும் மீன் களத்துக்குப் பின்னாலிருந்த நிலத்துக்கு வரச் சொன்னார். இம்முறை வழக்கப்படியே செய்தார். இருளப்பனை நிறுத்தி, கையை உயர்த்தச் சொன்னார்.

இருளப்பன் உயர்த்தினார். கை தோளுக்குச் சற்று மேலே போய் நின்றுவிட்டது.

"இன்னும் மேலே."

"இதுக்கு மேல போவாதுங்க. மூட்டையைப் பிடிக்கிற அளவுக்குத்தான் போவும்."

திருமேனி அந்த அளவில் கயிற்றைப் பிடிக்கவில்லை. கை எட்டாமல் எஞ்சிய முழத்தை மனசில் கூட்டிப் பிடித்துக்கொண்டார். அந்தக் கயிற்றை வைத்துத் தரையில் புதிதாக ஒரு வீடு போட்டார். படுக்க ஓரிடம், சமைக்க ஓரிடம், குழந்தை ஊர்ந்தால் அடுப்பைத் தொடாத தூரம். மாளிகை ஒன்றுமில்லை. சின்ன வீடுதான்.

இருளப்பன் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே வரச் சொன்னதற்கு, காலில் மண், கோடு அழிந்துவிடும் என்றார். மூக்காயி மட்டும் வாசல் என்று விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே போனாள். நடுவில் நின்றாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு படுத்தாள். முதலில் வழக்கம் போலச் சுருண்டாள். சுருண்டபடியே ஒரு காலால் தடவிப் பார்த்தாள். இருட்டில் படி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் மெள்ள மெள்ள அந்தக் காலை நீட்டினாள். பிறகு மற்றக் காலை. ஒன்றும் இடிக்கவில்லை.

எழுந்திருப்பாள் என்று இரண்டு ஆண்களும் காத்திருந்தார்கள். அவள் தூங்கிவிட்டாள்.

நல்ல வெயில், வெறும் மண், மீன் நாற்றம். வாய் சற்றுத் திறந்திருக்க, இரண்டு கையும் இரண்டு பக்கம் கிடக்க, கோட்டின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நீண்டு கிடந்து தூங்கினாள். இருளப்பன் வெகு நேரம் அப்படியே பார்த்தார். பிறகு அவள் முகத்தில் தன் நிழல் விழும்படி இடம் மாறி நின்றார். வெயில் நகர நகர அவரும் நகர்ந்தார்.

"இந்த அளவுன்னா எத்தனை பேருக்கு வரும் தச்சரய்யா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

திருமேனி ஒளிக்காமல் சொன்னார். பாதிக் குடும்பங்களுக்கு வரும். அதுவும் மிச்ச நிலம் கைவிட்டுப் போகாமல் இருந்திருந்தால். அது இப்போது கிடங்கு. தன் வாயாலேயே மிச்சம் என்று காட்டிக்கொடுத்தது. ஆகவே மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வரும்.

இருளப்பன் கோபப்படவில்லை. அதுதான் திருமேனிக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

"அழிச்சிடுங்க ஐயா. பழைய அளவே போடுங்க. மத்தவங்களைச் சேத்துக்காட்டுக்கு அனுப்பிட்டு இங்க எவன் கால் நீட்டுவான்? நீங்க குடுக்கற அளவுக்கு நாங்க மடங்கிக்கறோம். பழக்கந்தானே."

சொல்லிவிட்டு, அவள் எழட்டும், அதன் பிறகு அழிக்கலாம் என்றார்.

ஐப்பசி அமாவாசைக்கு இன்னும் இரண்டே நாள் இருக்கையில் திருமேனி உப்பளத்துக்கு வந்தார். முகம் சவரம் செய்யப்படவில்லை. அம்மை பலகையால் உப்புத்தரையைச் சமன் செய்துகொண்டிருந்தாள். அவர் நின்றபடியே பேசினார். சின்ன வீடானால் எல்லோரும் உள்ளே இருப்பார்கள், ஒருவரும் கால் நீட்ட முடியாது. பெரிய வீடானால் சிலர் கால் நீட்டுவார்கள், மற்றவர்கள் சேற்றில் கிடப்பார்கள். இரண்டும் பாவம். எந்தப் பாவத்தைச் செய்யட்டும் என்று மட்டும் சொல்லுங்கள், செய்துவிடுகிறேன் என்றார்.

அம்மை பலகையை நிறுத்தவில்லை.

"ஆதிமூலத்தின் மாளிகை நீங்கள் கட்டியதுதானே?"

"ஆமாம்."

"பெரிய நிலமோ?"

அத்தனை கவலையிலும் திருமேனிக்குத் தொழில் பெருமை தலை தூக்கியது. "எங்கே பெரிது. ஒரு கப்பல் பாயை விரித்தால் நிலம் முழுதும் மூடிவிடும். அவருக்கோ கூடம் வேண்டும், பூசையறை வேண்டும், மாப்பிள்ளைகள் வந்தால் தங்க இடம் வேண்டும். அந்த நிலம் எதற்குமே போதவில்லை."

"பிறகு?"

"பிறகென்ன, மேலே போனேன். ஏழு நிலை. நிலம் போதாவிட்டால் மேலே போக வேண்டியதுதான். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும்."

சொல்லி முடித்தபோது அவர் வாய் மூடவில்லை.

கொக்கு ஒன்று வந்து இறங்கி, நீரில்லாததைப் பார்த்துவிட்டுப் பறந்தது.

"அம்மா, அவர்கள் சுமை தூக்குகிறவர்கள்," என்றார் திருமேனி. எந்தக் கேள்விக்குப் பதிலாக அதைச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

"ஆமாம். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே பலகையில் ஏறி இறங்குகிறவர்கள். முதுகில் மூட்டையோடு."

"மாடியென்றால்..."

"ஏன், படியேறத் தெரியாதா அவர்களுக்கு?"

திருமேனி திரும்பி நடந்தார். செருப்பை விட்டுவிட்டுப் போகிறார் என்று அம்மை கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

அமாவாசையன்று சபை கூடியது. திருமேனி மூன்று நிலை வைத்த வரைபடத்தை விரித்தார். வெண்சங்குத்துறையில் விலை செங்கல்லுக்கு இல்லை, செங்கல்லை வைக்கிற இடத்துக்குத்தான் என்பதை எடுத்துச் சொன்னார். ஒரே மண்ணை மூன்று வீடுகள் பங்கு போட்டால் வாடகையும் மூன்றாகப் பிரியும் என்றார். ஒரு மூட்டைக் கூலிக்குள் அடங்கிவிடும். ஒரு குடும்பமும் வெளியே போக வேண்டியதில்லை.

சபைக்கு அது பிடிக்கவில்லை. கூலிக்காரனுக்கு மாடியா என்று ஒருவர் ஆரம்பித்தார். அவர்கள் மண்ணில் புழங்கியவர்கள், உயரத்தில் வைத்தால் தலை சுற்றும் என்று இன்னொருவர் அவர்களுக்காகவே கவலைப்பட்டார். மேலே கோவணத்தை உலர்த்துவார்கள், கப்பலில் வருகிற அயலூரார் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள் என்றார் மூன்றாமவர். ஆதிமூலம் கடைசியில் பேசினார். அவர் எப்போதும் கடைசியில்தான் பேசுவார்.

"திருமேனி, இவ்வளவு இடம் போதும் என்று படம் கொண்டுவந்து காட்டியவர் நீர். மிச்சம் காட்டியவரும் நீர். இப்போது போதாது என்கிறீர். அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?"

"அன்று நான் அளந்தபோது அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்."

சபை சிரித்தது. திருமேனி சிரிப்பு ஓயும்வரை நின்றார். படத்தைச் சுருட்டிக்கொள்ளலாம் என்று ஆதிமூலம் கையைக் காட்டினார்.

வாசலுக்கு வெளியே சுமை தூக்கிகள் நின்றிருந்தார்கள். உள்ளே வர அவர்களுக்கு வழக்கமில்லை. அங்கிருந்தபடியே இருளப்பன் பேசினார். குரலை உயர்த்தவில்லை, ஆகவே உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது.

"போன வாரம் கேட்டிருந்தா எதுக்கும் சரின்னிருப்பேன் ஐயா. தச்சரய்யாகிட்ட சொல்லவும் செஞ்சேன். ஆனா அன்னைக்கு என் பொஞ்சாதி கால் நீட்டித் தூங்கினது கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது. பதினாலு வயசுல கட்டிக்கிட்டு வந்தவ. அவ இவ்வளவு உயரம்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "இனிமே அவளை மடங்கிப் படுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. மாடி குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். குடுக்கலைன்னா சேத்துக்காட்டுக்குப் போக மாட்டோம். வேற துறைக்குப் போறோம். கப்பல் நிக்கிற ஊர்ல மூட்டை இருக்கும்."

மூன்று கப்பல்கள் அன்று சரக்கோடு காத்திருந்தன. வானம் கடல் பக்கம் கறுத்திருந்தது. சபையார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு ஆதிமூலத்தைப் பார்த்தார்கள். ஆதிமூலம் மேகத்தைப் பார்த்தார். அவருடைய சீனிதான் இரண்டு கப்பல்களில் இருந்தது.

மாடி கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை சேர்ந்தது. ஆதிமூலத்தின் மாளிகை இருக்கிற பக்கம் ஜன்னல் வைக்கக் கூடாது, அவர் முற்றம் இவர்கள் கண்ணில் படக் கூடாது. திருமேனி தயங்கி இருளப்பனைப் பார்த்தார்.

"கடல் பக்கம் வைங்க," என்றார் இருளப்பன். "அவங்க வீட்டுல பாக்க என்ன இருக்கு."

தை பிறந்தபோது மூன்று நிலைகளும் எழும்பிவிட்டன. அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் தங்குவதற்குச் சபை சுங்கச் சாவடியைத் திறந்துவிட்டிருந்தது. குடியேறிய அன்று பிள்ளைகள் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள், இறங்கச் சொன்னால் ஏறினார்கள். மூக்காயிக்கு மூன்றாம் நிலை. பாலைக் காய்ச்சி முதல் குவளையைத் திருமேனிக்குக் கொடுத்தாள். சாமி, உங்க பேரை நாங்க மறக்க மாட்டோம் என்றாள். எந்தச் சொல்லுக்காக அவர் கூலியில்லாமல் உழைத்தாரோ அதே சொல். பாலில் பாதியை வைத்துவிட்டு எழுந்து உப்பளத்துக்கு நடந்தார்.

அம்மை கயிற்றுக்கட்டிலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அருகில் தரையில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் குடி வந்துவிட்டார்கள், அம்மா."

"நல்லது."

"எல்லாரும் என்னை வாழ்த்துகிறார்கள்."

அவள் ஒரு முடிச்சை இறுக்கினாள்.

திருமேனி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் எத்தனை படிக்கட்டு வரைந்த கை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரையும். "ஆதிமூலத்துக்கு யோசிக்காமலே படி வரைந்தது இந்தக் கை. இவர்களுக்கு ஏன் வரையவில்லை? நான் கொடியவன் இல்லை. கூலிகூட வாங்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு இரக்கம் இருந்தது. இருந்ததால்தான் எழுப்பாமல் அளந்தேன்."

அம்மை கயிற்றைக் கீழே வைத்தாள்.

"நிலம் போதவில்லையென்றால் எதையாவது மடித்துத்தானே ஆக வேண்டும், பெரியவரே?"

"ஆமாம்."

"ஆதிமூலம் கையை உயர்த்தி நின்றார். அவரை மடிக்க முடியாது. அதனால் நிலத்தை மடித்தீர்கள். மடித்து மடித்து ஏழாக மேலே அடுக்கினீர்கள்."

"இவர்களை?"

"இவர்கள்தான் நீங்கள் போனபோதே மடங்கிக் கிடந்தார்களே."